இதயத்தினுள் ஒரு குழாய்

இதய அறுவைச் சிகிச்சைக்கு நாள் குறிக்கப்பட்ட வீட்டார், ஒப்புதல் தாளில் கையெழுத்திடுமுன் நம்மிடம் வருவதுண்டு. "நுரையீரல் தமனியில் குழாய் விடுவார்களாம். அதனால் ஆபத்து உண்டாம். சம்மதிக்கலாமா, சாமி?" என்று கேட்பர். நாம் மருத்துவரல்லோம். எனினும் நோயுற்றோரைச் சந்திக்கச் செல்லும் பணியிலே, கழுத்தில் இக்குழாயுடன் படுத்திருந்தோர் பலரை நாம் கண்டுள்ளோம். அதுபற்றிக் கேட்டும் படித்தும் அறிந்தவற்றை இங்கே எளிய முறையில் கூற விழைகிறோம்.

உயிருள்ள மனிதனின் இதயத்துள் குழாய் நுழைய இயலுமா? 1929ஆம் ஆண்டில் ஜெர்மனியின் எபர்ஸ்வால்டே நகரில், வெர்னர் ஃபோர்ஸ்மன் என்னும் இளம் மருத்துவர் தம் கையின் இரத்த நாளம் வழியே தம் இதயம்வரை தாமே ஒரு குழாயைச் செலுத்திக் காட்டினார். 1956இல் வேறு இருவருடன் நோபல் பரிசையும் பெற்றார். பின்னர் கலிபோர்னியாக் கடற்கரையில் பாய்மரப் படகைக் கண்ட மருத்துவர் ஜெரமி சுவான், காற்று படகை இழுப்பதுபோல இரத்த ஓட்டமே குழாயை இழுத்துச் செல்லாதா எனச் சிந்தித்தார். 1970இல் அவரும் வில்லியம் கான்ஸும் தம் குழுவினருடன், நுனியில் சிறு பலூன் கொண்ட குழாயை அறிமுகப்படுத்தினர்.

இக்குழாய் பெரும்பாலும் கழுத்து நாளத்தின் வழியே நுழைகிறது. ஏறத்தாழ ஒன்றரை மில்லிலிட்டர் காற்றால் உப்பிய பலூன், இதயத்தின் வலப்புற அறைகளைக் கடந்து நுரையீரல் தமனியில் மிதந்து சேர்கிறது. அங்கிருந்து இரத்த அழுத்தத்தையும், நிமிடத்திற்கு இதயம் வெளியேற்றும் இரத்தத்தின் அளவையும் மருத்துவருக்குத் தெரிவிக்கிறது.

நன்மையோடு ஆபத்தும் உண்டு. குழாய் செல்லும்போது இதயத்துடிப்பு தாறுமாறாகலாம். பெரும்பாலும் அது விரைவில் சீராகிவிடும். நாட்கணக்கில் இருந்தால் கிருமி தொற்றலாம், இரத்தம் உறையலாம். மிக அரிதாக, தமனியே கிழிந்துவிடலாம். அறுவையின்போது இரத்தம் உறையாதிருக்க மருந்து தரப்படுவதால், அக்கிழிசல் உயிருக்கே உலை வைக்கும். இதய நுரையீரல் இயந்திரம் இயங்குகையில் குழாயின் நுனி மேலும் உள்ளே நகரக்கூடும். ஆகவே மயக்க மருந்து மருத்துவர் அதனைச் சில சென்டிமீட்டர் பின்னுக்கு இழுத்து வைப்பதுண்டு.

இவ்வளவு இடர்களை ஏற்பதால் உயிர்கள் மிகுதியாகக் காக்கப்படுகின்றனவா? 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதனை ஆராய்ந்தது. இதயமல்லாத உறுப்புகளில் பெரிய அறுவைக்குள்ளான, இடர் மிகுந்த முதியோர் 1,994 பேர் அதில் இடம்பெற்றனர். குழாய் பொருத்தப்பட்டோரில் மருத்துவமனையில் இறந்தோர் நூற்றுக்கு 7.8, பொருத்தப்படாதோரில் 7.7. நுரையீரலில் இரத்தக்கட்டி அடைத்துக்கொண்ட எண்மரும் குழாய் பொருத்தப்பட்டோரே. இதய அறுவையைப் பொறுத்தவரை ஆய்வுகள் ஒரே முடிவைத் தரவில்லை.

இதில் நமக்கு விளங்குவது என்ன? அளவைக் காட்டும் கருவி, தானே நோயைக் குணப்படுத்துவதில்லை. அந்த அளவைச் சரியாகப் படித்து, அதற்கேற்ப சிகிச்சையை மாற்றும் மருத்துவராலேயே பயன் விளைகிறது. ஆதலால் இன்று பல இடங்களில் இக்குழாயை எல்லாருக்கும் வழக்கமாகப் பொருத்துவதில்லை. உணவுக்குழல் வழியே செய்யும் எக்கோ பரிசோதனையும் துணை நிற்கிறது. நுரையீரல் தமனியில் அழுத்தம் மிகுந்தோர், இதயம் மிகவும் தளர்ந்தோர் போன்றவர்க்கு இக்குழாய் இன்றும் பயன்படுகிறது.

எனவே அன்பர்களே, அஞ்சி மறுக்கவும் வேண்டாம். "இருப்பதையெல்லாம் வைத்துவிடுங்கள்" என வற்புறுத்தவும் வேண்டாம். "இவருக்கு இக்குழாய் எதற்காக? இது காட்டும் அளவைக் கொண்டு சிகிச்சையில் எதை மாற்றுவீர்கள்? எப்போது அகற்றுவீர்கள்?" என்று பணிவோடு கேளுங்கள். கேட்பது அவமதிப்பாகாது. நல்ல மருத்துவர் மகிழ்ந்து விடையளிப்பார். அதன்பின் இடும் கையெழுத்து, அறிந்து இடும் கையெழுத்தாக இருக்கும்.