கிழக்கு நோக்கி – 6: சாறி நானாவின் கொப்பி

சென்ற கிழமை நீர்கொழும்போடு நிறுத்தியிருந்தேன். கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் கோயிலில், இரத்தம் தெறித்த உயிர்த்த ஆண்டவரின் சொரூபத்தைக் கண்ணாடிக்குள் வைத்துக் காக்கிறார்கள். அதன் முன் நின்றுவிட்டு வந்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. விடியப்புறம் கோட்டை ஸ்டேஷனில் உதயதேவியைப் பிடித்தேன்.

இந்தத் தொடரைத் தொடங்கியபோது கிழக்கின் வாவிகளையும் வயல்களையும் பற்றி எழுதப்போவதாகச் சொல்லியிருந்தேன். அது முழு உண்மை அல்ல. நான் கிழக்கே போனது ஒரு கடனைக் கொடுக்க. 3,500 ரூபா.

எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில். கொச்சிக்கடை அந்தோனியார் கோயில் நடந்துபோகும் தூரம். நாங்கள் சைவக்காரர். ஆனாலும் செவ்வாய்க்கிழமைகளில் அம்மம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தோனியாரிடம் போகாமல் வளர்ந்த பிள்ளை எங்கள் ஒழுங்கையில் இல்லை. தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் எல்லாரும் வருவார்கள். தொலைந்த பொருளை அவர் தேடித் தருவார் என்பது நம்பிக்கை. யுத்தகாலத்தில் தொலைந்த பிள்ளைகளுக்காகவும் அங்கே மெழுகுதிரிகள் எரிந்தன.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. சித்திரைப் புதுவருஷம் முடிந்து ஒரு கிழமை. காலை 8.45 அளவில் குசினி யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பையை நான் மேசையில் வைப்பதற்குள், படுக்கையில் கிடந்த அம்மம்மா கேட்டார்:

"திரும்பவும் தொடங்கிட்டாங்களோ?"

யுத்தம் முடிந்து பத்து ஆண்டு ஆக இன்னும் ஒரு மாதம் இருந்தது. அம்மம்மாவுக்கு அந்தப் பத்து ஆண்டும் ஒரு நொடியில் இல்லாமல் போனது.

பிறகு செய்திகள் வந்தபடி இருந்தன. கொச்சிக்கடை, கட்டுவாப்பிட்டி, மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பில் மூன்று ஹோட்டல்கள். மத்தியானத்துக்குப் பிறகு தெஹிவளையிலும் தெமட்டகொடையிலும். இறந்தோர் தொகை அந்தக் கிழமை முழுவதும் ஏறி இறங்கி, கடைசியில் 270 அளவில் வந்து நின்றது. எங்கள் ஒழுங்கையில் வெள்ளைக் கொடிகள் ஏறின. எதிர்வீட்டு அக்கா பூசைக்குப் போட்டுக்கொண்டு போன செருப்பில் ஒன்றைத்தான் பிறகு கொண்டுவந்தார்கள்.

இனி நான் எழுதப்போவதை ஆறு ஆண்டுகளாக யாரிடமும் சொன்னதில்லை. திங்கட்கிழமை, தாக்குதலை நடத்தியவர்கள் யார் என்று அரசாங்கம் அறிவித்தபோது அப்பா கதிரையில் சாய்ந்து மூச்சு விட்டார். "எங்கட ஆக்கள் இல்லையாம்," என்றார். அம்மாவும் மூச்சு விட்டார். நானும் விட்டேன்.

கொழும்பில் தமிழராய் இருந்தவர்களுக்கு அந்த மூச்சு விளங்கும். 1983 ஜூலையில் அப்பாவின் கடை எரிந்தது. 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்தபோது அவரை இரண்டு இரவு பொலிஸில் வைத்திருந்தார்கள். 2007 ஜூன் 7இல் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த தமிழர் 376 பேரைப் பஸ்களில் ஏற்றி நகரத்துக்கு வெளியே அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம்தான் அதைத் தடுத்து நிறுத்தியது. ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும் அடையாள அட்டையைச் சட்டைப்பையில் தடவிப் பார்த்து வாழ்ந்த மனிதர் அப்பா. இந்த முறை அந்தத் தடவல் தேவைப்படாது. அது வேறு யாருக்கோ போய்விட்டது. எதிர்வீட்டில் சவப்பெட்டி இருந்தது. நாங்கள் ஆறுதலாய் மூச்சு விட்டோம்.

அது யாருக்குப் போனது என்பது இரண்டு நாள் கழித்துத் தெரிந்தது. புதன்கிழமை இரவு, ஊரடங்கு நேரம். அம்மாவின் போன் அடித்தது. அது என் பக்கத்தில் கிடந்தது. திரையில் 'சாறி நானா' என்று பெயர்.

காத்தான்குடியிலிருந்து வருஷத்துக்கு இரண்டு தடவை, பொங்கலுக்கும் தீபாவளிக்கும், பெரிய துணி மூட்டையோடு வருபவர். சாறிகள், மருதமுனைக் கைத்தறிச் சாறங்கள். காசு தவணைக்கு, புதுவருஷம் கழிந்து ஒருக்கால் வந்து மிச்சத்தை வசூலிப்பார். நீளமான ஒரு கொப்பியில் எல்லா வீட்டுக் கணக்கும் இருக்கும். அம்மாவை 'தங்கச்சி' என்பார், என்னை 'மகள்'. நான் பெரியபிள்ளையானபோது கட்டிய சாறி அவர் தெரிவுசெய்து கொடுத்தது.

போனை எடுக்காதே என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகத்தான் சத்தத்தைக் குறைத்துக் குப்புறக் கவிழ்த்து வைத்தேன். திரும்பவும் அடித்தது. மேசை நடுங்கியது. அம்மா பார்த்தார், அப்பா பார்த்தார். ஒருவரும் ஒன்றும் கதைக்கவில்லை.

அதற்குப் பிறகு அவர் வரவில்லை.

ரயில் மஹவையில் கிழக்கே திரும்பி, கல்ஓயாப் பக்கத்தில் ஊர்ந்தது. 2025 பெப்ரவரியில் மட்டக்களப்பிலிருந்து வந்த இரவு ரயில் இங்கேதான் ஆறு யானைகளை அடித்துக் கொன்றது. காடு யன்னலை உரசிக்கொண்டு வந்தது. பொலன்னறுவையில் ஒரு இளைஞன் ஏறி, முதுகுப் பையைக் கழற்றி என் தலைக்கு மேல் தட்டில் வைத்துவிட்டுக் கழிப்பறைப் பக்கம் போனான். அவன் திரும்பிவரும்வரை நான் அந்தப் பையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் எந்தக் கோயிலுக்குப் போனாலும் வாசலுக்குக் கிட்டத்தான் இருப்பேன். இது இனி என்னோடுதான் கிடக்கும் போலிருக்கிறது.

மன்னம்பிட்டியில் மகாவலி. அதற்கப்பால் வெலிகந்தை, வாழைச்சேனை. வாழைச்சேனைக்குப் பக்கத்தில்தான் ஓட்டமாவடி. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களையும் எரித்தே ஆக வேண்டும் என்று அரசாங்கம் ஒரு வருஷத்துக்குக் கிட்டப் பிடிவாதமாய் நின்று, 2021 மார்ச்சில்தான் புதைக்க விட்டது. அதற்கு ஒதுக்கிய இடம் ஓட்டமாவடி. 2024இல் மன்னிப்புக் கேட்டார்கள். கிருமியைப் பற்றிய பயம் மட்டும் ஒரு அரசாங்கத்தை அவ்வளவு தூரம் கொண்டுபோகாது. 2019 சித்திரையில் வந்த பயமும் அதில் சேர்ந்திருந்தது என்றே நான் நினைக்கிறேன்.

மட்டக்களப்பில் இறங்கி முதலில் மத்திய வீதிக்குப் போனேன். அந்தக் காலை சீயோன் தேவாலயத்தில் ஞாயிறு வகுப்பு முடித்த பிள்ளைகள் வெளியே நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பையோடு வந்தவனிடம் சந்தேகப்பட்டுக் கேள்வி கேட்டு, உள்ளே விடாமல் முற்றத்திலேயே மறித்து நின்றவர் ஒரு தகப்பன். அவரும் போனார். 31 பேர், அவர்களில் 14 பேர் பிள்ளைகள். நான் வீதியின் எதிர்ப்பக்கம் நின்றேன். பள்ளிக்கூடம் விட்டு வெள்ளை உடுப்போடு இரண்டு சிறுமிகள் ஒரே சைக்கிளில் போனார்கள். அவர்களுக்குப் பத்து வயது இருக்கும். அன்று நான்கு.

2019 ஏப்ரல் 4ஆம் திகதியே இந்தியாவிலிருந்து எச்சரிக்கை வந்திருந்தது. அது கோப்புகளுக்குள் கிடந்தது. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை 10 கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னது. பாதுகாப்புக்குப் பொறுப்பாயிருந்த மற்ற அதிகாரிகளையும் கட்டச் சொன்னது. காந்தி பூங்காவில் இருக்கும் நினைவுத் தூபியில் வருஷா வருஷம் மெழுகுதிரி ஏற்றுகிறார்கள். பிள்ளையைக் கொடுத்தவர்கள் கேட்கும் கேள்வி, தெரிந்திருந்தும் ஏன் எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதுதான்.

கல்லடிப் பாலம் தாண்டும்போது ஓட்டோக்காரர், காத்தான்குடிக்கா என்று இரண்டாம் தரம் கேட்டார். "முந்தி புட்டும் தேங்காய்ப்பூவும் போலத்தான் இருந்தம்," என்றார். கிழக்கில் தமிழரையும் முஸ்லிம்களையும் பற்றிப் பேசும் எல்லாரும் இந்தப் புட்டைச் சொல்வார்கள். குழலுக்குள் ஒரு கட்டு மாவு, ஒரு கட்டுத் தேங்காய்ப்பூ. சேர்ந்துதான் வேகும், கட்டு கட்டாய்த்தான் இருக்கும்.

காத்தான்குடிப் பிரதான வீதியின் நடுவில் பேரீச்ச மரங்கள். குண்டு வைத்தவர்களின் தலைவன் சஹ்ரான் இந்த ஊர்க்காரன். 2017 மார்ச்சில் சூஃபி வழி முஸ்லிம்களோடு அவனது கூட்டம் மோதியபோது, அவனைப் பிடிக்கச் சொல்லி முறையிட்டவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான். அவன் தலைமறைவானான். இரண்டு வருஷம் கழித்து ஊர் முழுக்க அவனுக்காகத் தலைகுனிந்தது.

இதே ஊரில் மீரா ஜும்ஆப் பள்ளிவாசலிலும் ஹுசைனியாப் பள்ளிவாசலிலும், 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி இரவு, தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றார்கள். சுவரில் துளைகள் இன்னும் இருக்கின்றன. அன்று அது எங்கள் ஆக்கள். எனக்கு அப்போது ஆறு வயது. அந்தத் தீபாவளிக்குச் சாறி நானா வரவில்லை என்று அம்மா சொல்லியிருக்கிறார். அடுத்த தீபாவளிக்கு வந்தார். மூட்டையை அவிழ்த்தார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை. "தங்கச்சி, இந்தப் பச்சை உங்களுக்கு நல்லா எடுக்கும்" என்றாராம்.

சுவருக்கு முன் நின்றபோது எனக்கு அதுதான் நினைவில் நின்றது. ஒரு வருஷத்தில் அவர் திரும்பி வந்தார். நாங்கள் ஆறு வருஷம் போனைத் திருப்பி எடுக்கவில்லை.

விசாரித்துக்கொண்டு போனதில் கடற்கரைப் பக்கம் ஒரு சிறு ஒழுங்கையில் வீடு. முன்னறையைக் கடையாக்கி இருந்தார். தாடி முழுக்க நரைத்துவிட்டது. என்னைக் கண்டதும் எழும்பினார். "கொட்டாஞ்சேனைத் தங்கச்சிட மகளெல்லோ" என்று உள்ளே திரும்பிப் பிளேன்டீக்குச் சொன்னார்.

அப்பா 2021இல் போனதைச் சொன்னேன். கண்ணை மூடி எதையோ ஓதினார். பிறகு காசை நீட்டினேன். கொப்பியைத் தேடி எடுத்தார், அதே நீளக் கொப்பி. அம்மாவின் பக்கத்தைப் புரட்டினார். இரண்டு தரம் காசை எண்ணித் திகதி போட்டு எழுதினார்.

"கொழும்புக்கு இப்ப வாறதில்லையா நானா?"

"எப்படி மகள் வாறது? என்ட தொழிலே மூட்டைதானே. பஸ்ஸில் வெச்சா சனம் எழும்பி வேற இடம் போகுது. ஒவ்வொரு சோதனையிலயும் அவிழ்த்து, ஒவ்வொரு சாறியா உதறிக் காட்டணும். ஒரு இடத்தில பொலிஸ்காரப் பொடியன் சப்பாத்தால தட்டிப் பார்த்தான்." பொறுத்துச் சொன்னார்: "அவனையும் குறை சொல்ல ஏலாது. அவனுக்கும் உசிருதானே."

நான் அந்தப் புதன்கிழமையைப் பற்றிச் சொன்னேன். போன் என் கையில்தான் இருந்தது என்று சொன்னேன். பயம் என்று சொன்னேன்.

அவர் கொப்பியை மூடாமல் இருந்தார்.

"மருதானையில லொட்ஜில இருந்தன். ஒவ்வொரு அறையாத் தட்டி வந்தாங்க. கொழும்பில ஆரைத் தெரியும் எண்டு கேட்டா, சொல்ல ஒரு பேர் வேணுமே. உங்கட வாப்பா ஒரு வார்த்தை சொன்னாப் போதும் எண்டு நெனச்சன். அவருக்கு இதெல்லாம் தெரியுமே." கொஞ்ச நேரம் கழித்து, "எனக்கும் பயம்தான் மகள். அதனாலதான் எடுத்தன்."

யார் வந்து அவரை விடுவித்தது என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அவர் எழும்பி அலுமாரிக்குப் போய் ஒவ்வொன்றாய் இழுத்துப் பார்த்தார். அம்மா இப்போது என்ன நிறம் கட்டுகிறார் என்று கேட்டார். மங்கலான நிறங்கள்தான் என்றேன். மண்ணிறக் கரை போட்ட ஒரு பருத்திச் சாறியை எடுத்துத் தாளில் சுற்றினார். கொப்பியில் அம்மாவின் பெயருக்குக் கீழே புதிதாய் ஒரு வரி எழுதினார்: 4,800.

நான் பணப்பையைத் திறந்தேன்.

"இப்ப வேணாம். தவணைக்குத்தானே."

"தீபாவளிக்கு வருவீங்களா நானா?"

அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்து, சாறிப் பொட்டலத்துக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.