கவரிமா திருத்திய வாக்கியம்

லே விமான நிலையத்தில் இறங்குவதற்கு முன்பே எச்சரித்துவிட்டார்கள்: முதல் இரண்டு நாள் ஓடாதீர்கள், சுமை தூக்காதீர்கள். ஊர் 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கடல் மட்டத்தில் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவில் மூன்றில் இரண்டு பங்குதான் இங்கே கிடைக்கும். விடுதியின் மாடிப்படியில் பாதி ஏறுவதற்குள் எனக்கு நெஞ்சு அடைத்தது. பன்னிரண்டு வயது மகளும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். எங்களைத் தாண்டி, இரண்டு கையிலும் தண்ணீர் வாளியோடு விடுதிக்காரரின் தாயார் ஏறிப் போனார். எழுபது வயதிருக்கும். ‘ஜூலே’ என்று சிரித்துவிட்டுப் போனார்.

“அந்தப் பாட்டிக்கு மட்டும் ஏம்ப்பா மூச்சு வாங்கல?”

“பழகிக்கிட்டாங்க.”

“நாம ஒரு வருஷம் இருந்தா நமக்கும் பழகிடுமா? அப்புறம் டில்லிக்குப் போய் ஒரு தம்பி பொறந்தா, அவனுக்கும் அது வருமா?”

பதில் தெரிந்திருக்க வேண்டியவன் நான். உயிரினங்களின் மரபுப் பண்புகளையும் தகவமைப்பையும் பற்றிய சிறுவர் அறிவியல் நூல் ஒன்றைத் தமிழாக்கம் செய்து, அதன் அச்சுப்படிகளைப் பெட்டியில் வைத்திருந்தேன். பிழை திருத்துவதும் இந்தப் பயணத்தில் ஒரு வேலை.

அன்று மாலை பதில் சொன்னேன். உயரத்துக்கு வந்தவனின் மூச்சும் நாடியும் வேகமாகின்றன. வாரக்கணக்கில் தங்கினால் ரத்தத்தில் சிவப்பணுக்கள் பெருகும். சமவெளிக்குத் திரும்பினால் சில வாரங்களில் எல்லாம் பழைய நிலைக்கு வந்துவிடும். தம்பிக்கு அதில் எதுவும் போகாது. திபெத்தியப் பீடபூமி மக்களின் கதை வேறு. அவர்களில் பெரும்பாலோரிடம் ‘ஈபிஏஎஸ்1’ என்ற மரபணுவின் ஒரு தனி வடிவம் இருப்பதாக 2010ல் ஆய்வுகள் வெளியாயின. அது உள்ளவர்களுக்குச் சிவப்பணு மிதமிஞ்சிப் பெருகி ரத்தம் கெட்டியாவதில்லை. அது பழக்கமல்ல, பிறப்பிலேயே வருவது.

மூன்றாம் நாள் சாங்தாங்குக்குக் கிளம்பினோம். சிந்து நதியை ஒட்டி உப்ஷி வரை போய், பிறகு 5,300 மீட்டருக்கு மேலுள்ள தாக்லாங் லா கணவாயைக் கடக்க வேண்டும். வழியில் ஓர் ஓடைக்கரையில் கறுப்பு மாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. தரையைத் தொடும் ரோமத்தோடு இருந்தது யாக். நம் இலக்கியங்கள் கவரிமா என்பது இதைத்தான் என்பார்கள். கோயில்களில் சாமிக்கு வீசும் கவரி இதன் வால்மயிர். பக்கத்தில் நின்றது யாக்கும் இல்லை, பசுவும் இல்லை.

“ஸோ” என்றார் ஓட்டுநர். யாக் காளைக்கும் நாட்டுப் பசுவுக்கும் பிறந்தது. ஆண் ஸோ ஏர் இழுக்கும், சந்ததி தராது. பெண்ணுக்கு ஸோமோ என்று பெயர். பாலும் தரும், கன்றும் ஈனும்.

மரபுப் பண்பைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தர இதைவிட நல்ல விலங்கு கிடைக்காது. பிராணவாயு குறைந்தால் சமவெளி மாட்டின் நுரையீரல் ரத்தக் குழாய்கள் இறுகும், இதயம் திணறும். யாக்குக்கு அந்த இறுக்கம் மிகக் குறைவு. லடாக்கில் இந்த மாடுகளின் நுரையீரல் ரத்த ஓட்டத்தை அளந்த ஓர் ஆய்வு 1986ல் வெளியாயிற்று. ஸோக்கள் யாக்கைப் போலவே இருந்தன. ஸோமோவை மறுபடியும் நாட்டுக் காளையோடு சேர்த்துப் பிறந்தவற்றில் சில யாக்கைப் போலவும் சில பசுவைப் போலவும் இருந்தன. எல்லாம் ஒரே மலையில், ஒரே காற்றைச் சுவாசித்தவை. மலை எல்லாவற்றுக்கும் பொது. வேறுபட்டது பெற்றோர் தந்தது.

சோ கார் ஏரிக்கு அருகே, யாக் ரோமத்தால் நெய்த ‘ரெபோ’ கூடாரத்தின் முன் வண்டி நின்றது. சாங்பா மேய்ப்பர் குடும்பம். உப்பிட்ட வெண்ணெய்த் தேநீர் கொடுத்தார்கள். சுற்றிலும் பஷ்மினா ஆடுகள். வெளியே முரட்டு ரோமம். அதை விலக்கினால் உள்ளே பஞ்சு போல் ஒன்று. இழையின் தடிமன் 12 முதல் 15 மைக்ரான், நம் தலைமயிரில் ஐந்தில் ஒரு பங்கு இருக்கலாம். கோடையின் தொடக்கத்தில் சீப்பால் வாரி எடுப்பார்கள். ஓர் ஆட்டிலிருந்து ஆண்டுக்குக் கால் கிலோ கிடைத்தாலே அதிகம்.

“குளிர் அதிகமானா ரோமமும் அதிகமா வளருமா?” மகள் கேட்டதை ஓட்டுநர் மொழிபெயர்த்தார்.

மேய்ப்பர் சிரித்தார். “குளிர் ஊருக்கெல்லாம் ஒன்றுதானே? எல்லா ஆட்டுக்கும் ஒரே மாதிரி வளரவில்லையே. கிடாவைப் பார், குட்டியைச் சொல்கிறேன்” என்றார். நல்ல ரோமமுள்ள கிடாவைத்தான் இனப்பெருக்கத்துக்கு நிறுத்துகிறார்கள். பல்லாயிரம் ஆண்டுகளாகக் குளிர் செய்த வேலையின் ஒரு பகுதியை இவர்கள் கையால் செய்கிறார்கள்.

2013ன் தொடக்கத்தில் பெய்த பெரும்பனியைப் பற்றியும் சொன்னார். சாங்தாங்கில் ஆயிரக்கணக்கான ஆடுகள் மடிந்தன. ஆடு குளிரைத் தாங்கும். ஆனால் பனி மூடிய நிலத்தில் புல் கிடைக்கவில்லை. ரோமத்தால் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. அவருடைய மகன் லேயில் படிக்கிறான், திரும்பி வருவானா என்று தெரியாது. கர்னாக் பகுதி மேய்ப்பர்களில் பெரும்பாலோர் ஏற்கெனவே லேக்குப் பக்கத்தில் குடியேறிவிட்டார்கள். ரோமம் குட்டிக்குத் தானாக வந்துவிடும். கிடாவைத் தேரும் கண் மகனுக்கு அப்படி வராது. கூடவே மேய்ந்து திரிந்தால்தான் வரும்.

ஏரியின் நன்னீர்ப் பகுதியில் வரித்தலை வாத்துகள் குஞ்சுகளோடு நீந்திக்கொண்டிருந்தன. இதே இனத்துப் பறவைகள் குளிர்காலத்தில் நெல்லை மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்கு வருகின்றன. இமயத்தைக் கடக்கையில் இவை 7,000 மீட்டருக்கு மேலும் பறப்பதைக் கருவி பொருத்திப் பதிவு செய்திருக்கிறார்கள். இவற்றின் ஹீமோகுளோபின் மற்ற வாத்துகளுடையதைவிடப் பிராணவாயுவை இறுக்கிப் பிடிக்கும். கூந்தன்குளத்து வெயிலில் நிற்கும்போதும் அதே ஹீமோகுளோபின்தான்.

அன்றிரவு அச்சுப்படியை எடுத்தேன். “குளிரைத் தாங்குவதற்காக யாக் நீண்ட ரோமத்தை வளர்த்துக்கொண்டது” என்று இருந்தது. மூலத்தில் அப்படி இல்லை. ஓட்டமாக இருக்கட்டும் என்று நான் சேர்த்தது அந்தக் ‘கொண்டது’. தமிழில் ‘கொள்’ என்ற துணைவினை வந்தால், செய்தவர் தமக்காகவே செய்ததாகப் பொருள்படும். சட்டை போட்டுக்கொண்டேன், பாடம் கற்றுக்கொண்டேன். மாடிப்படி ஏறிய என் உடல் பழகிக்கொண்டது என்பதுகூடச் சரி. யாக் அப்படி எதையும் செய்யவில்லை. நம் பாடநூல்களிலும் பத்திரிகைகளிலும் விலங்குகள் ஓயாமல் தம்மை மாற்றிக்கொள்கின்றன, தகவமைத்துக்கொள்கின்றன. நானே எத்தனை முறை அப்படி எழுதியிருப்பேன்!

இது வெறும் இலக்கணச் சண்டையல்ல. விலங்கு தன்னை மாற்றிக்கொள்ளும் என்று படித்து வளரும் பிள்ளை, பூமி சூடாகிறது என்று கேட்டால் ஆடு அதற்கும் பழகிக்கொள்ளும் என்று நினைத்துவிடும். சில பத்தாண்டுகளில் மாறும் வானிலைக்கு, பல நூறு தலைமுறைகளில் சேர்ந்த உடம்பால் ஈடுகொடுக்க முடியுமா?

வாக்கியத்தை அடித்துவிட்டு எழுதினேன்: “நீண்ட ரோமத்தோடு பிறந்தவை குளிரில் அதிகம் பிழைத்தன. அவற்றின் கன்றுகளுக்கும் அந்த ரோமம் வாய்த்தது.”

மகளிடம் கொடுத்தேன். டில்லியில் பிறந்தவள். தமிழ் பேசுவாள், வாசிப்பது எழுத்துக் கூட்டித்தான். நான் தமிழில் முதுகலை படித்தது ரத்தத்தின் வழியாக அவளுக்குப் போய்ச் சேரவில்லை. உட்கார வைத்துச் சொல்லித்தராதது என் தவறு. விரலை வைத்து மெதுவாகப் படித்து முடித்தாள்.

“ரோமம் குறைச்சலா இருந்ததெல்லாம் என்னாச்சுன்னு போடலையேப்பா?”

பேனாவை எடுத்து மூன்றாவது வாக்கியத்தைச் சேர்த்தேன்: “மற்றவை பெரும்பாலும் மடிந்தன.”