பத்து மாடிப் பள்ளிக்கூடத்தில் ஒரு சனிக்கிழமை

சேம்பர்ஸ் தெருவில் மேற்கே நடந்தால், ஹட்சன் ஆற்றுக்குக் கொஞ்சம் முன்னால், வாகனங்கள் சீறும் வெஸ்ட் தெருவின் குறுக்கே ஒரு நடைபாலம். அதன் மறுமுனை ஸ்டைவசென்ட் உயர்நிலைப் பள்ளியின் வாசலில் கொண்டுபோய் விடுகிறது. நியூயார்க் நகரம் நடத்தும் அரசுப் பள்ளி. கட்டணம் ஒரு காசு கிடையாது. ஆனால் எட்டாம் வகுப்பில் எழுதும் ஒரே ஒரு நுழைவுத் தேர்வின் மார்க் இல்லாமல் உள்ளே வர முடியாது. சிபாரிசு, நேர்காணல், படித்த பள்ளியின் மதிப்பெண் பட்டியல் எதுவும் செல்லாது. இப்படித்தான் சேர்க்க வேண்டும் என்று 1971-ல் மாநிலமே சட்டம் போட்டுவிட்டது.

என்னை அழைத்துப் போனவர்கள் இருவர். ஒருவர் 1979-ல் படித்து முடித்த புரூக்ளின்காரர், ஓய்வுபெற்ற இன்ஜினியர். இன்னொருத்தி எங்கள் குவீன்ஸ் தெருவில் வளர்ந்த தமிழ்ப் பெண், 2003-ல் முடித்தவள்.

பெரியவருக்கு இந்தக் கட்டடம் அவ்வளவு ஒட்டவில்லை. பள்ளி இங்கே வந்ததே 1992-ல். அவர் படித்தது கிழக்கு 15-ஆம் தெருவில், 1907-ல் கட்டி முடித்த ஐந்து மாடிக் கட்டடத்தில். பிற்பாடு 'ஏஞ்சலாஸ் ஆஷஸ்' எழுதிப் புகழ்பெற்ற ஃபிராங்க் மெக்கோர்ட் அங்கே ஆங்கில வாத்தியார். அவர் வகுப்பில் இடம் கிடைக்காமல் போன குறை பெரியவருக்கு இன்னும் ஆறவில்லை. "அங்கே எல்லாம் படிக்கட்டுதான்" என்றார் பெருமையாக. இங்கே எஸ்கலேட்டர் உண்டு. நாங்கள் போனபோது ஓடவில்லை. "நான் படிச்சப்பவும் பாதி நாள் இப்படித்தான் அண்ணா" என்று சிரித்தபடி அவள் ஏறத் தொடங்கினாள்.

புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் சீனியர்கள் பதினோராம் மாடி நீச்சல் குளத்துக்கு பாஸ் விற்பார்களாம். கட்டடத்துக்குப் பத்து மாடிதான். காசு கொடுத்து ஏமாந்தவர் யார் என்று கேட்டால், எல்லாருக்கும் ஒரு தோழியோ தோழனோதான் நினைவுக்கு வருகிறார்கள். குளம் இருப்பது நிஜம், கீழே. நீந்தத் தெரியாதவர்கள் நீச்சல் வகுப்பில் சேர்ந்தாக வேண்டும்.

நான் அதிக நேரம் நின்றது நடைவழிச் சுவர்களில்தான். அடித்தளம் முதல் பத்தாம் மாடி வரை நானூறு கண்ணாடிப் பெட்டிகளைச் சுவருக்குள்ளேயே பதித்திருக்கிறார்கள். கிறிஸ்டின் ஜோன்ஸ், ஆண்ட்ரூ கின்ஸல் என்ற இரு கலைஞர்களின் வேலை. ஒன்றில் சீனப் பெருஞ்சுவரின் துண்டு, இன்னொன்றில் போதி மரத்து இலை, வேறொன்றில் நைல் நதி நீர். கங்கை நீரும் உண்டு. மூடியைப் பற்றவைத்த காசிச் செம்பு மாதிரி, இங்கே கண்ணாடிக்குள். பழைய கட்டடத்தில் படித்த ஒரு மாணவரின் ரிப்போர்ட் கார்டையும் வைத்திருக்கிறார்கள். 15-ஆம் தெருக் கட்டடத்தின் சில்லுகள் இருக்கும் பெட்டியைப் பெரியவர் தேடிப் பிடித்து, கண்ணாடியை விரலால் தட்டிப் பார்த்தார். பல பெட்டிகள் காலி. 2080 வரை ஆண்டுக்கொரு பெட்டி. படித்து முடிக்கும் ஒவ்வொரு வகுப்பும் தனக்குத் தோன்றியதை வைக்கலாம்.

2001 செப்டம்பர் 11 அன்று அவள் பதினோராம் வகுப்பு. இரட்டைக் கோபுரங்கள் சில தெருக்கள் தள்ளித்தான் இருந்தன. பிள்ளைகளை வடக்குப் பக்கமாக நடத்தி அனுப்பிவிட்டார்கள். கட்டடம் மீட்புப் பணியாளர்களின் கைக்குப் போனது. அக்டோபர் 9 அன்று வகுப்புகள் திரும்பத் தொடங்கும்வரை புரூக்ளின் டெக் பள்ளியில் ஒண்டுக்குடித்தனம். "வந்தப்புறமும் கருகல் வாடை போகலை" என்றாள். அதற்கு மேல் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

நுழைவுத் தேர்வைப் பற்றிக் கேட்டதும்தான் இருவருக்கும் சூடு ஏறியது. அவள் தன் மார்க்கையும் அந்த வருஷக் கட்-ஆஃபையும் யோசிக்காமல் ஒப்பித்தாள். 2019-ல் இங்கே இடம் கிடைத்த 895 பேரில் கறுப்பினப் பிள்ளைகள் 7 பேர். தன் காலத்தில் இதைவிடப் பல மடங்கு இருந்தார்கள், இந்தத் தேர்வைத் தூக்கி எறிய வேண்டும் என்பது பெரியவர் கட்சி. மேயர் டி பிளாசியோ 2018-ல் அதற்குத்தான் முயன்றார். ஆசியப் பெற்றோர் தெருவில் இறங்கினார்கள், சட்டமன்றத்தில் அது கரையேறவில்லை. "எங்கப்பா டாக்ஸி ஓட்டினார். அவருக்கு யாரைத் தெரியும்? அந்தத் தாள் ஒண்ணுதான் எங்க வீட்டு விலாசத்தைப் பார்க்கலை" என்றாள் அவள்.

அவள் சொன்னது அந்தத் தேர்வு நேரத்துக்குப் பொருந்தும். அதற்கு முந்தைய இரண்டு வருஷச் சனிக்கிழமைக் கோச்சிங் வகுப்புகளுக்குப் பொருந்தாது. அவற்றுக்கு அவள் அப்பா பணம் கட்டியிருக்கிறார். அவளுடைய தம்பிக்கும் கட்டினார். அவன் கட்-ஆஃபுக்குக் கொஞ்சம் கீழே நின்றுவிட்டான். அக்கா எத்தனை முறை கூப்பிட்டும் இந்தப் பக்கம் வந்ததில்லையாம். ஸ்டைவசென்ட் நினைவுகள் என்று நாம் கேட்பதெல்லாம் தேறியவர்கள் சொல்வதுதான்.

பாலத்தில் திரும்பி நடக்கும்போதும் சண்டை ஓயவில்லை. நடுவில் அவளுக்கு ஒரு போன். மகள். ஏழாம் வகுப்பு. வகுப்பு விட்டாயிற்று, எப்போது வருவாய் என்று கேட்கிறாள். "எங்கே கோச்சிங்?" என்றார் பெரியவர். ஃபிளஷிங்கில், காலை ஒன்பதிலிருந்து ஒரு மணி வரை என்றாள். பெரியவர் கொஞ்ச தூரம் பேசாமல் வந்தார். பிறகு, அங்கே நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறார்களா, எவ்வளவு வாங்குகிறார்கள் என்று விசாரித்தார். அவருக்கும் அந்த வயதில் ஒரு பேத்தி.