நாற்பத்து மூன்று வயதில் முக்குளிப்பு

முத்துக்குளித்துறை என்று பெயர்பெற்ற தூத்துக்குடியில் பிறந்தும், கடலுக்குள் தலை நனைத்த பெண் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் இருந்ததில்லை. கொள்ளுத்தாத்தா 1961-ஆம் ஆண்டு இங்கே நடந்த கடைசி முத்துக்குளிப்பில் மூழ்கியவர். தாத்தா சங்கு குளித்தவர். வீட்டுப் பெண்களோ கரையில் நின்று வள்ளத்தை எதிர்பார்த்ததோடு சரி. இந்த வழக்கத்தைச் சென்ற ஆண்டு மாற்றியவர் எங்கள் பெரிய அத்தை. வயது 43. கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் கணக்கு எழுதுகிறார். சம்பளம் பெரிதன்று. கையில் இருந்த சிறு பணத்தைக் கொண்டு அவர் ஸ்கூபா முக்குளிப்புக் கற்ற விவரத்தை அக்காள் தங்கை நாங்கள் இருவரும் இங்கே எழுதுகிறோம்.

அத்தை தம் எண்ணத்தைச் சொன்னதும் வீட்டில் எழுந்த புயலைக் கேட்க வேண்டுமா! "பொம்பளப் பிள்ளைக்குக் கடலுக்குள்ள என்ன சோலி?" என்றார் பாட்டி. "அக்கா, அந்தப் பணத்துக்கு ஒரு சங்கிலி எடுக்கலாமே" என்றார் அப்பா. அத்தை கோபிக்கவில்லை. இராமேசுவரம் பக்கம் சின்னப்பாலத்துப் பெண்கள் விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு பாசி எடுக்க மூழ்குவதையும், கொரியாவின் ஜேஜு தீவில் எழுபது வயதுப் பாட்டிமாரும் மூச்சடக்கி மூழ்கிச் சங்கும் சிப்பியும் எடுப்பதையும், அந்த ஜேஜு பெண்களின் மரபை 2016-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்ததையும் பாட்டிக்கு எடுத்துச் சொன்னார். பாட்டி, "அவளுக வயித்துப் பாட்டுக்குப் போறாளுக, உனக்கென்ன?" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். இந்தக் கேள்விக்கு அத்தை இன்றுவரை விடை சொல்லவில்லை.

தாத்தா மட்டும் ஒன்றும் பேசவில்லை. அவருக்குக் காது கேட்காது. அது மூப்பினால் வந்ததன்று. சளி பிடித்திருந்த நாளிலும் மூழ்கியதால் செவிப்பறை கிழிந்து இரத்தம் வந்ததாம். மறுநாளும் மூழ்கினாராம். கடலுக்குப் போகாவிட்டால் அன்றைக்குக் கூலி ஏது?

பயிற்சிக்குப் புதுச்சேரியில் ஓர் இடத்தை அத்தை தேர்ந்துகொண்டார். நான்கு நாள் பயிற்சிக்கு 26,000 ரூபாய். மாதம் 2,000 வீதம் 14 மாதம் சேர்த்தார். அந்தப் பதினான்கு மாதங்களும் வீணாகவில்லை. முதலில் நீந்தத் தெரிய வேண்டுமே! நிற்காமல் 200 மீட்டர் நீந்த வேண்டும், பத்து நிமிடம் நீரில் மிதக்க வேண்டும் என்பது நிபந்தனை. வேகம் கணக்கில்லை என்றதும் அத்தைக்கு உயிர் வந்தது. நீச்சல் குளத்தில் பெண்களுக்கென ஒதுக்கிய நேரத்தில் ஏழு வயதுக் குழந்தைகளோடு குழந்தையாகக் கால் உதைத்துக் கற்றார். பருத்திச் சுடிதார் தண்ணீரைக் குடித்துப் பாறையாகக் கனக்கும் என்று தெரிந்து, நீளக்கை வைத்த நீச்சலுடை ஒன்றைத் தையற்காரரிடம் சொல்லித் தைத்துக்கொண்டார். இரண்டாம் மாதம் 25 மீட்டர். எட்டாம் மாதம் 200. அன்று வீட்டுக்குக் கேசரி வந்தது.

உறவினர் ஒருவர் வாங்க வேண்டிய கருவிகள் என்று நீண்ட பட்டியல் கொடுத்தார். கூட்டினால் அத்தையின் அரையாண்டுச் சம்பளம்! அத்தை வாங்கியவை முகக்கண்ணாடியும் மூச்சுக்குழலும் மட்டுமே. மற்றவை எல்லாம் பயிற்சிக் கட்டணத்திலேயே அடங்கியவை. முகக்கண்ணாடியைக்கூட விலை பார்த்து வாங்கவில்லை. வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் மெல்ல மூச்சிழுத்தால், கையை எடுத்த பிறகும் அது விழாமல் ஒட்டியிருக்க வேண்டும். நான்கு கடைகளில் ஒன்பது கண்ணாடிகள் விழுந்தன, பத்தாவது ஒட்டிக்கொண்டது. விலை குறைவென்று நீச்சல் கண்ணாடியை வாங்கிவிடக் கூடாது, தோழியரே! அதனுள்ளே மூக்கு இல்லை. ஆழத்தில் நீரின் அழுத்தம் அதைக் கண்மீது அமுக்கும்போது, மூக்கின் வழியே காற்றை ஊதிச் சரிசெய்ய வழியிருக்காது.

முதுகில் சுமப்பது ஆக்சிஜன் என்றே நாங்கள் எண்ணியிருந்தோம். அன்று! நாம் சுவாசிக்கும் அதே காற்றுதான், ஏறத்தாழ 200 மடங்கு அழுத்தத்தில் அடைக்கப்பட்டிருக்கிறது. நீருக்குள் பத்து மீட்டர் இறங்கினால் அழுத்தம் இரண்டு மடங்காகிறது. அங்கே நுரையீரல் நிறைய இழுத்த காற்று, மேலே வரும்போது பாயில் விதிப்படி இரு மடங்காக விரியும். மூச்சை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நுரையீரலே கிழியக்கூடும். ஆகவே ஸ்கூபாவில் முதல் பாடம் மூச்சை அடக்காதே என்பது. தாத்தாவின் தொழிலுக்கு நேர் எதிர்!

அத்தை கை சுருக்காத இடம் ஒன்று உண்டு. அது காது. புறப்படுமுன் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டிக் கையெழுத்துப் பெற்ற பிறகே பேருந்து ஏறினார். தங்கியது கல்லூரித் தோழி வீட்டில். அறை வாடகை மிச்சம். முதல் நாள் கடலில், மூன்று மீட்டரிலேயே வலக்காது குத்தியது. மூக்கைப் பிடித்து மெல்ல ஊதியும் திறக்கவில்லை. பயிற்சியாளர் ஒரு மீட்டர் மேலே அழைத்து மீண்டும் ஊதச் செய்தார். வழி கிடைத்தது. மறுநாள் காலை மூக்கடைப்பு! கூடப் பயின்ற மூன்று கல்லூரி மாணவர்களும் இறங்கிவிட்டார்கள். "மெதுவா முயற்சி பண்ணுங்க மேடம், ஒண்ணும் ஆகாது" என்று ஒருவர் சொல்லவும் செய்தாராம். கட்டிய பணம், கெஞ்சி வாங்கிய விடுப்பு, பாட்டியின் முகம் எல்லாம் கண்முன் வந்தன என்றார் அத்தை. ஆயினும் படகிலேயே உட்கார்ந்துவிட்டார். அவர் செய்தவற்றுள் எங்களுக்கு மிகவும் பிடித்தது இதுதான். இரண்டு நாள் காத்திருந்து, விடுப்பைத் தொலைபேசியில் நீட்டித்து, மூக்கு தெளிந்த பிறகே இறங்கினார்.

அந்நாளில் முத்துக்குளிப்போர் தம் கயிற்றை மைத்துனர் கையில்தான் கொடுப்பார்கள் என்று சொல்வதுண்டு. தங்கையின் தாலிக்காகவாவது கயிற்றை விடமாட்டான் அல்லவா! இப்போது இருவர் இருவராக இறங்கி, ஒருவர் காற்றை மற்றவர் கவனிக்க வேண்டும். அத்தைக்கு வாய்த்த துணை அந்த "ஒண்ணும் ஆகாது" மாணவர்தான். கீழே மிகப் பொறுப்பாக நடந்துகொண்டார் என்று அத்தையே சான்று கூறினார்.

முக்குளித்த உடனே உயரமான மலைக்கோ விமானத்திலோ போகக் கூடாதாம். ஆதலால் எங்கள் கொடைக்கானல் பயணமும் ஒரு வாரம் தள்ளிப்போயிற்று.

ஊர் திரும்பியதும் அத்தை தாத்தாவின் முன் ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: 16 மீட்டர், 38 நிமிடம். தாத்தா நெடுநேரம் அந்தத் தாளையே பார்த்தார். ஒன்றரை நிமிடத்துக்கு ஒருமுறை மேலே வந்தவர் அவர். பிறகு, "என்ன எடுத்தே?" என்று உரக்கக் கேட்டார். ஒன்றும் எடுக்கக் கூடாது என்று அத்தை எழுதினார். "வெறுங்கையோடயா வந்தே!" என்று தாத்தா சிரித்ததில் பாட்டியும் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

பத்து வயது ஆனவர்கள் இதைக் கற்கலாம் என்று விதி இருக்கிறது. அப்பாவோ அரசுத் தேர்வு முடியட்டும் என்கிறார். நாங்கள் இப்போது சனிக்கிழமைதோறும் அத்தையோடு குளத்துக்குப் போகிறோம். தங்கை 150 மீட்டர், அக்காள் 120.