எறியும் தோலில் இருப்பதும் இல்லாததும்

தனியாக நின்று குடும்பத்தைக் கொண்டுநடத்தும் பெண்ணின் குசினியில் குப்பை என்று அதிகம் சேராது. சிரட்டை அடுப்புக்குப் போகும். மீன் கழுவிய தண்ணீர் கறிவேப்பிலை மரத்துக்குப் போகும். ஆனால் பிழிந்த தேசிக்காயின் தோலையும் உரித்த தோடம்பழத்தின் தோலையும் நம்மில் பலர் இன்னும் எறிந்துவிடுகிறோம். அந்தத் தோல் எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று சாம்பல்தீவில் என் குசினியில் நான் கண்டதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

1990 இல் ஊரைவிட்டு ஓடியவர்களில் நாங்களும் ஒரு குடும்பம். அலைந்து திரிந்து வந்து வளவில் நட்ட தேசி மரம் காய்க்கத் தொடங்கிய நேரத்தில், 2004 டிசம்பர் 26 இல் கடல் உள்ளே வந்தது. தேசி இனம் உப்பைத் தாங்காது. மரம் பட்டுப்போயிற்று. இப்போது நிற்பது பிறகு நட்ட மரம். கணவர் இல்லாத வீட்டில் கேக் அடித்துக் கடைகளுக்குக் கொடுத்துத்தான் இரண்டு பிள்ளைகளையும் படிக்க வைத்தேன்.

2022 இல் நாடு பட்ட பாட்டை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சமையல் எரிவாயு இல்லை. மா, சீனி, மாஜரின் எல்லாம் விலை ஏறிப்போயிற்று. வனிலா எசென்ஸ் வாங்கக் கட்டுப்படியாகவில்லை. அப்போதுதான் தோல் எனக்குக் கைகொடுத்தது. பெரிய தாச்சியில் மணல் பரப்பி, மூடியின் மேலும் சிரட்டைத் தணல் போட்டு, எசென்சுக்குப் பதிலாகத் தேசித்தோலைத் துருவிப் போட்டு கேக் சுட்டேன். வாங்கிய கடைக்காரர், "அக்கா, இது என்ன புது வாசம்? இனி இதையே தாங்கோ" என்றார்.

இதன் சூட்சுமம் இலகுவானது. வாசம் முழுவதும் தோலின் வெளிப்பக்கத்தில், பச்சை அல்லது மஞ்சள் நிறமான மெல்லிய பகுதியில் உள்ள எண்ணெய்ப் பைகளில் இருக்கிறது. உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதி கசக்கும். ஆகவே பழத்தை வெட்டிப் பிழிவதற்கு முன்பே, நிறமுள்ள பகுதியை மட்டும் துருவி எடுங்கள். கால் கிலோ மாவுக்கு ஒரு தோடம்பழத்தின் அல்லது இரண்டு தேசிக்காயின் துருவல் போதும். அதை மாவில் கொட்டாமல், முதலில் சீனியோடு சேர்த்து விரல்நுனியால் நன்றாகப் பிசறுங்கள். சீனி அந்த எண்ணெயை உறிஞ்சி கேக் முழுவதற்கும் கொண்டுபோகும்.

எங்கள் பிபிலைத் தோடம்பழம் பழுத்த பின்னும் பச்சையாகத்தான் இருக்கும். இரவுக் குளிர் போதாத நாடுகளில் தோலின் பச்சை மறையாது. அதனால் அதன் வாசம் குறைந்துவிடாது. வெளிநாட்டிலிருந்து வரும் பளபளப்பான பழங்களுக்கோ மெழுகும் பூஞ்சணத் தடுப்பு மருந்தும் பூசியிருப்பார்கள். இளஞ்சூட்டு நீரில் தேய்த்துக் கழுவினாலும் மருந்து முழுவதும் போகாது. தோலைச் சாப்பாட்டில் சேர்ப்பதென்றால் ஊர்ப்பழமே நல்லது.

தடித்த தோலைச் சீனிப்பாகில் போட்டும் வைக்கலாம். மெல்லிய கீலங்களாக வெட்டி, தண்ணீரில் பத்து நிமிடம் அவித்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள். இப்படி மூன்று முறை செய்தால் கசப்புப் போய்விடும். பிறகு தோலின் எடைக்குச் சமமான சீனியும் அதில் பாதியளவு தண்ணீரும் சேர்த்து, தோல் கண்ணாடிபோலத் தெளியும்வரை சிறு தணலில் வைத்து, எடுத்து உலர்த்துங்கள். சீனி ஈரத்தைப் பிடித்து வைத்திருப்பதால் இது இலகுவில் பூஞ்சணம் பிடிக்காது. நத்தார்க் கேக்குக்குக் கடையில் விலைகொடுத்து வாங்கும் தோல் இதுதான்.

இனிப் பூச்சிகளுக்கு வருவோம். தோலின் எண்ணெயில் பெரும்பங்கு லிமோனீன் என்ற பொருள். அது பூச்சியின் உடலைக் காக்கும் மெழுகுப் படையைக் கரைக்கும். எறும்புகள் முன்னே போன எறும்பு விட்டுச் சென்ற வாசத்தைப் பிடித்துத்தான் வரிசையாக வருகின்றன. தோல்களை அவித்த நீரில் கொஞ்சம் சவர்க்காரம் கலந்து அந்த வழியைத் துடைத்தால் வரிசை குலைந்துவிடும். ஆனால் வாசம் பறந்துபோகும். மறுநாளும் துடைக்க வேண்டும். பயற்றங்கொடியில் மொய்க்கும் சிறுபூச்சிகளுக்கும் இதே நீரை வடித்து மாலையில் தெளிக்கலாம். முதலில் ஓர் இலையில் தெளித்துப் பார்த்து, இலை கருகாவிட்டால் மட்டும் மற்றவற்றுக்குத் தெளியுங்கள். 2021 இல் இரசாயனப் பசளைக்கும் கிருமிநாசினிக்கும் தடை வந்தபோது என் சிறு தோட்டத்துக்கு இது உதவியது.

ஆனாலும் இது எல்லாப் பூச்சிக்கும் மருந்தல்ல. என் தேசி மரத்தின் இலையையே ஒரு வண்ணத்துப்பூச்சியின் புழு வயிறு நிறையத் தின்கிறது. அதற்குத் தேசி வாசம்தான் சாப்பாட்டு மணி.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது நுளம்பைப் பற்றி. தேசிக்காயில் கராம்பைக் குத்தி வைத்தால், தோலைக் கையில் தேய்த்தால் நுளம்பு வராது என்று பலர் சொல்வார்கள். தேய்த்த சிறிது நேரத்துக்குக் கொஞ்சம் குறையலாம், அவ்வளவுதான். 2017 இல் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். அந்த வருடத் தொடக்கத்தில் நம் மாவட்டத்தின் கிண்ணியா பட்ட துயரம் எல்லோருக்கும் தெரியும். டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும். சிரட்டை, யோகட் கோப்பை, பழைய டயர், தண்ணீர்த் தொட்டி ஆகியவற்றில் தேங்கும் நீரில் பெருகும். அதன் முட்டை காய்ந்த பாத்திரத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே வாரம் ஒருமுறை பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், பகலில் தூங்கும் பிள்ளைக்கும் வலை கட்டுங்கள். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினால் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். தோலை நம்பி இருந்துவிடாதீர்கள்.

இன்னொன்று. தேசித்தோலைப் பூசிக்கொண்டு பிள்ளைகளை வெயிலில் விடக்கூடாது. தேசியில் உள்ள சில பொருட்கள் வெயில் பட்டால் தோலைச் சுட்டுக் கொப்புளமாக்கும், தழும்பு பல வாரம் நிற்கும். பூனை வளர்ப்பவர்கள் இந்த எண்ணெயை அதன் உடலில் படவிட வேண்டாம்.

கைப்பிடித் தோலால் நம் வறுமை தீர்ந்துவிடாது. ஆனால் எசென்ஸ் காசு மிஞ்சும், கேக்குக்கு ஒரு தனி வாசம் கிடைக்கும், எறும்பு மருந்தின் செலவு குறையும். காய்ந்த தோலை ஈர விறகுக்கு அடியில் வைத்தால், அதன் எண்ணெயால் அடுப்பும் கெதியாகப் பற்றும். அதன் பலனைப் பலனாக எடுத்துக்கொண்டு, இல்லாத பலனை அதன்மேல் ஏற்றாமல் இருந்தால் போதும். அடுத்த முறை தேசிக்காய் வெட்டும்போது, பிழிவதற்கு முன் ஒருதரம் துருவியைக் கையில் எடுத்துப் பாருங்கள்.