காலியாக விட்ட இரண்டு நாள்

எங்கள் சாப்பாட்டு மேசையில் ஸ்பெயினின் வடகரை ஒரு மாதமாக விரிந்து கிடக்கிறது. யானெஸ் ஊருக்குப் பக்கத்தில், கடல் இருக்க வேண்டிய இடத்தில், சாம்பார்க் கறை.

போர்ட்ஸ்மவுத்தில் காரோடு கப்பலேறினால், கடலில் ஓர் இரவைக் கழித்து மறுநாள் சான்டான்டரில் இறங்கலாம். அங்கே பன்னிரண்டு நாள். கணவருக்குக் கடற்கரை வேண்டும். பதினான்கு வயது மகனுக்கு மலை. இருவருக்கும் ஆசை காட்டியது இந்த வரைபடம்தான். பிகோஸ் தெ எவுரோப்பா மலைகள் கடலிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர்தான். சிகரங்களோ 2,600 மீட்டரைத் தாண்டும். "காலையில கடல்ல குளிச்சிட்டு மத்தியானம் மலைக்குப் போயிடலாம்" என்று அவர் விரலால் அளந்து காட்டினார். விரலுக்கு வளைவு தெரியாது. போடெஸுக்குப் போகும் சாலையில் லா எர்மிதா பள்ளத்தாக்கு மட்டுமே 21 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் சுண்ணாம்புப் பாறைச் சுவர், நடுவில் தேவா ஆறு, ஆற்றை ஒட்டி நெளியும் ஒற்றைச் சாலை. எட்டு வயது மகளுக்கு ஏற்காடு மலைப்பாதையிலேயே வயிற்றைப் புரட்டியது. கடலோரம் ஐந்து நாள், மலையடிவாரம் ஐந்து நாள், நடுவில் ஒரே ஒரு முறை கூடாரத்தைப் பிரித்துக் கட்டுவது என்று முடிவாயிற்று.

மகன் மலை மேலேயே படுக்க வேண்டும் என்றான். தேசியப் பூங்காவுக்குள் நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க விடமாட்டார்கள். 1,600 மீட்டருக்கு மேலே, அதுவும் அந்தி சாய்ந்தது முதல் விடியும்வரை மட்டுமே அனுமதி. அவனைச் சமாதானப்படுத்த ஃபுவென்தே தே கம்பிவடவண்டியைக் காட்டினேன். சில நிமிடங்களில் 753 மீட்டர் செங்குத்தாகத் தூக்கிவிடும். இப்போது எனக்குத்தான் வயிற்றைப் புரட்டுகிறது.

மிச்சம் இரண்டு நாள். அதை எதிலும் சேர்க்காமல் நான் காலியாக விட்டதற்குக் காரணம் தென்காசியில் இருக்கும் அம்மா. தொலைபேசியில் திட்டத்தைச் சொன்னதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்று: "மலைக்கு எந்தப் பக்கம்ட்டி?"

வடக்குப் பக்கம் என்றேன். கடல் எந்தப் பக்கம் என்றாள். அதுவும் வடக்குத்தான்.

"அப்பம் சாரல்ல போயா கூடாரம் அடிக்கப் போறிய?"

வரைபடத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டாள். பிஸ்கே வளைகுடாவின் ஈரக்காற்று கந்தாப்ரிய மலைத்தொடரில் முட்டி மேலேறிக் குளிர்ந்து, கடலோரப் பக்கமாகவே கொட்டித் தீர்த்துவிடும். சான்டான்டரில் பெய்யும் மழை மாட்ரிட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். மலையைத் தாண்டித் தெற்கே இறங்கினால் காஸ்தீலியாவின் காய்ந்த பழுப்பு நிலம். குற்றாலத்துக்கு மேகம் மலை தாண்டி வரும். ஸ்பெயினில் தாண்டுவதற்குள் தீர்ந்துவிடும், அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பூந்தூறலுக்கு அஸ்தூரியக்காரர்கள் ஓர்பாயு என்கிறார்கள், பாஸ்க் நாட்டில் சிரிமிரி. எனக்குப் பிடித்தது இன்னொரு பெயர்: காலாபோபோஸ். முட்டாள்களை நனைப்பது என்று அர்த்தம். இதற்கெல்லாம் குடை எதற்கு என்று நடப்பவன் கால் மணி நேரத்தில் தொப்பலாகிவிடுவான்.

மழைக்கென்று ஒதுக்கிய அந்தக் காலி நாட்களில் ஒன்றுக்கு மகள் ஏற்கெனவே துண்டு போட்டுவிட்டாள், அல்தமீரா குகைக்கு. 1879இல் சான்ஸ் தெ சவுத்துவோலா என்பவர் அந்தக் குகையின் தரையில் பழைய கருவிகளைத் தேடிக்கொண்டிருக்க, கூட வந்த சின்ன மகள் மரியாதான் நிமிர்ந்து கூரையில் எருதுகளைப் பார்த்தாள். அவளுக்கும் எட்டு வயது. அறிஞர்கள் போலி என்று ஒதுக்கினார்கள்; 1902இல் அவர்கள் ஒப்புக்கொள்வதற்குள் அப்பா இறந்து பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. நாங்கள் பார்க்கப் போவது 2001இல் திறந்த நகல் குகையைத்தான். "பரவாயில்லம்மா, நகல்லயும் கூரையைத்தானே பாக்கணும்" என்கிறாள்.

சமையல் என் இலாகா. முகாமில் கூடாரத்துக்கு 6 ஆம்பியர் மின்சாரம் தருகிறார்கள். 230 வோல்ட்டுக்குக் கணக்குப் போட்டால் 1,380 வாட். எங்கள் வீட்டுக் கெட்டில் 3,000 வாட் கேட்கும். போட்ட மாத்திரத்தில் ஃபியூஸ் போகும். ரைஸ் குக்கர் 500தான், அது வருகிறது. நெய் வரவில்லை. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதிலிருந்து பால்பொருளையும் இறைச்சியையும் இங்கிருந்து கொண்டுபோகக் கூடாது. பருப்புப்பொடியை நல்லெண்ணெயில் பிசைந்துகொள்ள வேண்டியதுதான். தயிருக்குக் கவலையில்லை, கிழக்கே பார்த்தாலும் மேற்கே பார்த்தாலும் மாடு மேய்கிற ஊர்.

காலியாக இருக்கும் இன்னொரு நாளைத்தான் கணவரால் பொறுக்க முடியவில்லை. கோவதோங்கா ஏரிகளுக்குப் போகலாமே, கோடையில் காரை விடமாட்டார்கள், பஸ் இருக்கிறதே என்று நேற்றிரவுகூடப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். காலையில் அழித்துவிட்டேன்.

இன்று வெயில் அடித்ததால் பின்கட்டுப் புல்வெளியில் கூடாரத்தை விரித்துப் பார்த்தோம். போன வருஷத்து மண் வாசனையோடு மடிப்புக்குள்ளிருந்து ஒரு காலுறை விழுந்தது. மகன் முளைகளை எண்ணினான். இருக்க வேண்டியது பதினெட்டு, இருப்பது பன்னிரண்டு. மிச்சம் ஆறும் வேல்ஸில் ஒரு மாட்டுக்காரரின் புல்வெளியில் இன்னும் குத்திக்கொண்டிருக்கும்.