உதட்டுக் கொப்புளமும் பச்சைப் பிள்ளையும்

எனக்கு உதட்டோரம் கொப்புளம் வருவது பள்ளிக்கூட நாளிலிருந்தே உண்டு. பரீட்சை நேரம், காய்ச்சல் விட்ட மறுநாள், சித்திரை வெயிலில் அலைந்து திரும்பிய வாரம் என்று அவ்வப்போது வந்து போகும். முதலில் ஓர் இடம் மட்டும் குறுகுறுக்கும். ராத்திரிக்குள் எரிய ஆரம்பிக்கும். காலையில் கண்ணாடி பார்த்தால் கீழுதட்டு விளிம்பில் ஜவ்வரிசி போல நாலைந்து நீர்க்கொப்புளங்கள் ஒட்டி நிற்கும். அம்மா உடம்புச் சூடு என்பார். பக்கத்து வீட்டு ஆச்சி பல்லி எச்சம் என்பார். மோரும் இளநீரும் குடித்து, கைக்குட்டையால் வாயை மறைத்துக்கொண்டே அந்த வாரத்தை ஓட்டிவிடுவேன்.

கல்லூரி நாளில் ஒரு தோல் மருத்துவர் சீட்டில் ஹெர்பீஸ் என்று எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை நான் யாரிடமும் காட்டவில்லை. பாலியல் நோய் என்று தப்பாக நினைத்துவிடுவார்களோ என்ற பயம். கல்யாணத்துக்குப் பிறகும் கணவரிடம் சூடு என்றே சொல்லி வந்தேன். உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 50 வயதுக்கு உட்பட்டவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பேர் உடம்பில் இந்தக் கிருமி, ஹெர்பீஸ் சிம்ப்ளெக்ஸ் முதல் வகை, இருக்கிறது. பெரும்பாலோர் சின்ன வயதிலேயே, வீட்டுப் பெரியவர்கள் கொடுத்த முத்தத்திலோ எச்சிலிலோ வாங்கியது. இது அன்றைக்கே தெரிந்திருந்தால் அத்தனை வருஷம் கூசிக்கொண்டு திரிந்திருக்க மாட்டேன்.

மகள் பிறந்து மாதம் நிறைவதற்குள் கொப்புளம் மறுபடி வந்தது. தூக்கம் கெட்ட உடம்பு, வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். நடுராத்திரி பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது உதட்டில் அந்தக் குறுகுறுப்பு. மடியில் பாப்பா. அவள் உச்சந்தலை என் வாய்க்கு ஒரு சாண் கீழே. விடியும் வரை முகத்தைத் திருப்பிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். காலையில் அம்மா, “பேசாம புட்டிப்பாலுக்கு மாத்திருவோமாடி? ஒன் சூடு பிள்ளைக்கு எறங்கிரும்” என்றார். குழந்தை மருத்துவரிடம் போனோம்.

“பால நிறுத்தவே கூடாதும்மா” என்றார் அவர் முதல் வார்த்தையாக. இந்தக் கிருமி தாய்ப்பால் வழியாகப் பரவுவதில்லை. புண் மார்பில் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் கொடுக்கக் கூடாது, மறுபக்கம் தாராளமாகக் கொடுக்கலாம். ஆபத்து உதட்டில், எச்சிலில், உதட்டைத் தொட்ட விரலில். நமக்கு ஒரு வாரம், பத்து நாளில் ஆறிவிடுகிற புண், முதல் நாலு வாரத்துக் குழந்தைக்கு உயிருக்கே உலை வைக்கலாம். எதிர்ப்புச் சக்தி ஊறாத அந்த உடம்பில் கிருமி தோலோடு நிற்காமல் ஈரலுக்கும் மூளைக்கும் போய்விடலாம். தொற்றிவிட்டால் மருத்துவமனையில் வைத்து, தோலோடு நின்றிருந்தால் 14 நாள், ஈரலையோ மூளையையோ தொட்டிருந்தால் 21 நாள், நரம்பு வழியாக மருந்து ஏற்ற வேண்டியிருக்கும். எனக்குப் பழைய தொற்று என்பதால் கர்ப்பத்திலேயே கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி பாப்பாவுக்குப் போயிருக்கும், ஆனால் அதை நம்பி அலட்சியமாக இருக்கக் கூடாது என்றார். பிரசவம் நெருங்கும் மாதங்களில் முதன்முறையாகத் தொற்றுகிறவர்களின் குழந்தைக்கு அந்தக் காப்பும் கிடைப்பதில்லை.

அசைக்ளோவிர் களிம்பு எழுதிக் கொடுத்தார். ஒரு நாளைக்கு 5 முறை, குறுகுறுப்பு ஆரம்பித்த உடனேயே போட்டால்தான் பலன். விரலால் தேய்க்காமல் பட்ஸால் ஒற்ற வேண்டும், அந்த பட்ஸை அப்போதே தூக்கிப் போட்டுவிட வேண்டும். இந்த மருந்து பாலில் கலந்துவிடாதா என்று கேட்டேன். பச்சைக் குழந்தைக்கே கொடுக்கிற மருந்துதான் இது, பாலில் போவது மிகச் சொற்பம் என்று தைரியம் சொன்னார்.

அன்று சாயங்காலம் கணவரிடமும் அம்மாவிடமும் எல்லாவற்றையும், அந்தப் பழைய சீட்டு உட்பட, சொல்லிவிட்டேன். கணவர் கோபித்துக்கொள்ளவில்லை. என் துண்டையும் டம்ளரையும் தனியாக எடுத்து வைத்தார். பாப்பாவைத் தூக்கும் முன் ஒவ்வொரு தடவையும் சோப்பு போட்டுக் கை கழுவினேன். கிருமியின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் பால் கொடுத்தேன். கை தன்னையறியாமல் உதட்டுக்குப் போவதை அது தடுத்தது, பாப்பாவின் விரல் என் வாயில் படுவதையும் தடுத்தது. இந்தக் கையைத்தான் அதிகம் கவனிக்க வேண்டியிருந்தது. நம் ஊரில் குழந்தையின் கன்னத்தை விரலால் கிள்ளி, அந்த விரலை உதட்டில் வைத்து முத்தம் எடுப்போம். பிறகு அதே விரல் மறுபடியும் கன்னத்துக்குப் போகும். வாய் படாத முத்தம் என்று நினைக்கிறோம், உதட்டில் இருப்பது அதிலும் பிள்ளையிடம் போய்ச் சேரும். கொப்புளம் பொருக்கு தட்டி, பொருக்கும் உதிர்ந்து, புதுத்தோல் தெரிகிற வரைக்கும் நெட்டி முறிப்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

குளிப்பாட்ட வந்த பாட்டி, குழந்தையின் மூக்கில் வாய் வைத்து ஊதிச் சளி எடுக்கிறவர். கைராசிக்காரர், அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் அந்த ஊதலை வேண்டாம் என்றேன். சேனை வைப்பதும் வாயில் வைத்துச் சூடு பார்த்த பாலாடையைக் குழந்தைக்குப் புகட்டுவதும் இதே கணக்குத்தான். இவற்றை நாம் விட்டுவிட வேண்டும் என்பது என் தீர்மானமான எண்ணம்.

கஷ்டமாக இருந்தது பெரியப்பாவிடம் சொன்னதுதான். பெயர் சூட்டுக்கு வந்தவர் உதட்டில் பொருக்கு. வந்ததும் வராததுமாகக் கையை நீட்டினார். “பெரியப்பா, ஒங்க ஒதட்டுல இருக்கற மாதிரியே எனக்கும் வந்திருக்கு. பாப்பாவுக்கு ஆகாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. நானே முத்தம் குடுக்கறதில்ல” என்றேன். முகம் சுருங்கிவிடுமோ என்று பயந்தேன். “அதுக்கென்ன தாயி, தொட்டில்ல போடு, பாத்துக்கிட்டு இருக்கேன்” என்று தொட்டில் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். ‘நீங்கள் கொடுக்காதீர்கள்’ என்று மட்டும் சொல்லியிருந்தால் மனம் நொந்திருப்பார். ‘நானே’ என்பதையும் சேர்த்துச் சொன்னதால் கேட்டுக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன்.

பச்சைப் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உதட்டில் குறுகுறுப்போ புண்ணோ இருந்தால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். புண் இல்லாத நாளிலும் இந்தக் கிருமி எச்சிலில் இருக்கலாம், ஆகவே முதல் மாதம் யாருமே முகத்தில் முத்தம் வைக்க வேண்டாம். பெற்றவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மாதம் நிறையாத குழந்தை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலோ, உடம்பு சுட்டாலோ சில்லிட்டாலோ, வெட்டி இழுத்தாலோ, தோலில் ஒரே ஒரு நீர்க்கொப்புளம் தெரிந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். போனதும், வீட்டில் யாருக்கு உதட்டில் கொப்புளம் வந்திருந்தது என்பதைக் கூச்சப்படாமல் முதலில் சொல்லுங்கள்.